எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் கசிவும் ஸ்ரென்ட் சிகிச்சையும்

எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்களை எம்மவர் மத்தியிலும் இப்போது காண்கிறோம். சிலர் இங்கே பிரித்தானியாவில் என்.எச்.எஸ் மூலமாகச் செய்கிறார்கள். வேறு சிலர் காத்திருப்போர் பட்டியலின் நீளத்தைப் பார்த்துவிட்டுத் துருக்கிக்கோ இந்தியாவுக்கோ போய், ஒரு கிழமையில் முடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிறகு கலியாண வீட்டில் யாராவது "நல்லாய் மெலிஞ்சு போனீங்கள்" என்றால், "நடக்கிறனான்" என்று சொல்லிச் சமாளிப்பார்கள். சொல்லுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் வரக்கூடிய ஒரு சிக்கலில், மணித்தியாலங்களும் கணக்கில் எடுக்கப்படும். அதுதான் கசிவு. அதற்கு இன்று பரவலாகச் செய்யப்படும் ஸ்ரென்ட் சிகிச்சை பற்றியும், அந்தச் சிகிச்சை கைகொடுப்பதற்கு நாம் செய்ய வேண்டியது என்ன என்பது பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இச்சத்திரசிகிச்சைக்கு எதிரானவன் அல்லன். நீரிழிவும் குருதி அமுக்கமும் முழங்கால் வலியுமாகப் பல வருடங்கள் அவதிப்பட்டவர்கள், சத்திரசிகிச்சையின் பின் மாத்திரைகளைக் குறைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவதைக் கண்டிருக்கிறேன். தெற்காசியர்களான எமக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. அதனால்தான் நைஸ் எனப்படும் இந்நாட்டு வழிகாட்டி அமைப்பு, சத்திரசிகிச்சைக்கான பி.எம்.ஐ அளவை எமக்கு 2.5 குறைத்து வைத்திருக்கிறது. பொதுவாக 40, அல்லது வேறு நோய்களும் இருந்தால் 35 என்பது, எமக்கு முறையே 37.5, 32.5 ஆகிறது. எடை குறைக்கும் வாராந்த ஊசிகள் வந்த பின்னரும், சத்திரசிகிச்சையின் தேவை இல்லாமற் போய்விடவில்லை.

கசிவு எங்கே, ஏன்?

இன்று அதிகம் செய்யப்படுவது 'ஸ்லீவ்' என்னும் முறை. இரைப்பையின் வெளிப்புற வளைவில் ஏறத்தாழ முக்கால் பங்கை, சில வேளை அதற்குச் சற்று மேலாகவும், வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஒரு லீற்றருக்கு மேல் கொள்ளக்கூடிய பை, வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயாக மாறுகிறது. வெட்டிய இடம் முழுவதையும், கடதாசிகளைப் பிணைக்கும் ஸ்ரேப்பிளர் போன்ற ஒரு கருவியால், சின்னஞ்சிறு உலோகக் கம்பிகளைக் கொண்டு வரிசையாகப் பிணைத்துவிடுவார்கள். மற்றது 'பைபாஸ்'. அதில் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் விட்டு, அதனைச் சிறுகுடலுடன் நேரடியாக இணைப்பார்கள்.

ஸ்லீவ் முறையில் அந்த நீண்ட ஸ்ரேப்பிள் வரிசையில் எங்காவது ஓரிடம் ஆறாமல் திறந்துகொண்டால், விழுங்கிய உமிழ்நீரும் இரைப்பைச் சாறும் வயிற்றறைக்குள் வடியும். இதுவே கசிவு. பெரும்பாலும் இது வரிசையின் உச்சியில், உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் மூலையில்தான் ஏற்படுகிறது. அந்த இடத்தில் இரைப்பையின் சுவர் மெல்லியது. குருதி ஓட்டமும் குறைவு. இன்னொரு முக்கிய காரணமும் உண்டு. இரைப்பையின் கீழ்வாசலில் உள்ள வளையத்தசை இச்சத்திரசிகிச்சையில் அப்படியே விடப்படுகிறது. மேலே ஒடுங்கிய குழாய், கீழே மூடித் திறக்கும் கதவு. ஆகவே உள்ளே அழுத்தம் கூடுகிறது. குழாயின் நடுப்பகுதி சற்று நெரிந்தோ முறுகியோ போயிருந்தால் அழுத்தம் இன்னும் கூடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை இடையில் மிதித்தால், அதற்கு முன்னாலுள்ள பலவீனமான இடத்தில் தண்ணீர் பீறிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டு இந்த நெரிவைக் கவனிக்காமல் விட்டால் கசிவு ஆறாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எத்தனை பேருக்கு இது வருகிறது? ஸ்லீவ் செய்த நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை என்பது நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. அனுபவம் மிக்க நிலையங்களில் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. அதாவது பெரும்பாலானோருக்கு வராது. ஆனால் ஸ்லீவ் கசிவின் தந்திரம் என்னவென்றால், அது அநேகமாக நோயாளி வீடு திரும்பிய பின்னரே வெளிப்படுகிறது. முதல் கிழமையிலும் வரலாம், மூன்றாம் நான்காம் கிழமையிலும் வரலாம். பைபாஸ் கசிவு பொதுவாக முதற்சில நாட்களிலேயே தெரிந்துவிடும்.

எப்போது சந்தேகிப்பது?

யாழ்ப்பாணத்தில் நாங்கள் மருத்துவ மாணவர்களாக இருந்த காலத்தில், குடற்புண் வெடித்து வரும் நோயாளியின் வயிறு பலகைபோல் இறுகியிருக்கும். கை வைத்தவுடனேயே விளங்கிவிடும். அந்தப் பாடத்தை இங்கே நம்பியிருக்க முடியாது. உடற்பருமன் உள்ளவர்களில் கசிவு நடந்துகொண்டிருக்கும்போதே வயிறு மென்மையாக இருக்கலாம். காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம், முக்கியமாகப் பரசிற்றமோலை நேரம் தவறாமல் எடுத்துக்கொண்டிருப்பவர்களில்.

முதலில் மாறுவது நாடித்துடிப்பு. சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 100க்கு மேல் தொடர்ந்து துடித்தால், அன்றைக்கே சத்திரசிகிச்சைப் பிரிவுடன் பேச வேண்டும். 120க்கு மேல் என்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மணிக்கட்டில் விரல் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. பிசோப்ரலோல், அற்றெனலோல், ப்ரொப்ரனலோல் போன்ற மாத்திரைகளைக் குருதி அமுக்கத்துக்கோ இதயத்துக்கோ எடுப்பவர்களில் நாடி அவ்வளவாக உயராது. எம்மவரில் இம்மாத்திரைகளை எடுப்போர் கொஞ்சப் பேர் அல்லர். அவர்கள் நாடியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

அடுத்தது இடது தோள்மூட்டு வலி. வயிற்றில் நடப்பதற்குத் தோள் ஏன் வலிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கசிந்த திரவம் உதரவிதானத்தின் கீழே தேங்கி அதனை உறுத்துகிறது. அதிலிருந்து செல்லும் நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்து வருவதால், மூளை அந்த வலியைத் தோளில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒன்று: துளைவழிச் சத்திரசிகிச்சையின்போது வயிற்றுக்குள் வாயு நிரப்புவார்கள். அதனால் முதல் இரண்டு மூன்று நாட்கள் பலருக்கும் தோள் வலிக்கும், பிறகு குறைந்துவிடும். குறைந்த வலி திரும்பி வந்தாலோ, குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ அது வேறு விடயம்.

இதைத்தான் எங்கள் ஆட்கள் 'வாய்வு' என்று சொல்லி ஓமத் தண்ணீரும் இஞ்சித் தேத்தண்ணியும் குடிப்பார்கள். கசிவு இருந்தால் குடித்த இஞ்சித் தேத்தண்ணி எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்!

மூச்சு வாங்குதல், நிற்காத விக்கல், "என்னவோ செய்யுது" என்ற விளக்க முடியாத பதற்றம், நேற்று நடந்தவர் இன்று கட்டிலை விட்டு எழும்ப மறுத்தல் ஆகியனவும் அறிகுறிகளே. மூச்சு வாங்குதலும் வேகமான நாடியும் நுரையீரலில் குருதிக்கட்டி அடைத்தாலும் வரும். நீண்ட நேரம் விமானத்தில் இருந்து வந்தவர்களில் அது இன்னும் கூடுதலான சந்தேகத்துக்குரியது. இரண்டில் எது என்று வீட்டில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. இரண்டுமே 999க்கு அழைக்க வேண்டிய நிலைதான்.

வைத்தியசாலையில் வாயால் ஒரு சாயத் திரவத்தைக் குடிக்கக் கொடுத்து சி.ரி. ஸ்கான் எடுப்பார்கள். ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும், ஆள் மோசமாகிக்கொண்டு போனால், சத்திரசிகிச்சை நிபுணர்கள் மீண்டும் கமெராவை விட்டு வயிற்றுக்குள் பார்க்க முடிவெடுக்கலாம். அது அவர்கள் தடுமாறுகிறார்கள் என்பதன் அடையாளம் அல்ல. ஸ்கான் எல்லாக் கசிவுகளையும் காட்டிவிடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஸ்ரென்ட் என்ன செய்கிறது?

வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்தால், வெடித்த இடத்தை ஒட்டிவிட்டு மட்டும் நாங்கள் போய்விடுவதில்லை. அறைக்குள் நிற்கும் தண்ணீரையும் வெளியேற்றுவோம். கசிவு சிகிச்சையும் அப்படித்தான். முதலில் தேங்கியிருக்கும் சீழையும் திரவத்தையும் வெளியே எடுக்க வேண்டும். ஸ்கானைப் பார்த்தபடி தோலினூடாகக் குழாய் செலுத்தியோ, மீண்டும் சத்திரசிகிச்சை செய்தோ அதைச் செய்வார்கள். கூடவே நாளத்தினூடாக அன்ரிபயோட்டிக் ஏறும். வாயால் சாப்பாடு நிறுத்தப்பட்டு, சிறுகுடலுக்குள் இறக்கிய மெல்லிய குழாய் வழியாகவோ நாளம் வழியாகவோ ஊட்டம் கொடுக்கப்படும். இவ்வளவும் ஒழுங்காக நடந்தால்தான் ஸ்ரென்டுக்கு வேலை உண்டு. சீழைத் தேங்க விட்டுவிட்டு வாசலை மட்டும் மூடுவதால் பயன் இல்லை.

'ஸ்ரென்ட்' என்ற சொல் எமக்கு இதய நோயால் பழக்கமானது. 1986ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக மனித இதயத் தமனிக்குள் ஸ்ரென்ட் வைக்கப்பட்டது. பெயர் மட்டும் அதனிலும் பழையது. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் பல் வைத்தியராக இருந்த சார்ள்ஸ் ஸ்ரென்ட் என்பவர், பல் அச்செடுக்கும் ஒரு பசையை உருவாக்கினார். அவருடைய பெயர் பல் வைத்தியத்திலிருந்து எங்கெங்கோ சுற்றி இதயத்துக்கும் வயிற்றுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதய ஸ்ரென்ட் குழாயைத் திறந்து வைத்திருக்கும். ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கும். இரைப்பைக் கசிவுக்கு வைக்கும் ஸ்ரென்ட் அப்படியல்ல. நிக்கலும் ரைற்றேனியமும் சேர்ந்த 'நிற்றினோல்' என்னும் உலோகக் கம்பியால் பின்னிய வலைக்குழாய் இது. சுருட்டி ஒடுக்கமாக வைத்து உள்ளே கொண்டுபோய் விட்டால், உடற்சூட்டில் தானாகவே விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். விரிந்த பின் அகலம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர், நீளம் 10 முதல் 15 சென்ரிமீற்றர். ஸ்லீவ் கசிவுக்கென்றே இன்னும் அகலமாகவும் 20 சென்ரிமீற்றருக்கு மேல் நீளமாகவும் செய்யப்பட்டவையும் உண்டு. இங்கே முக்கியமானது வலை அல்ல, அதன்மேல் உள்ள சிலிக்கோன் போன்ற உறை. அந்த உறை ஓட்டையை உட்புறத்திலிருந்து மறைக்கிறது. உமிழ்நீரும் சாறும் ஓட்டைப் பக்கம் போகாமல் ஸ்ரென்டுக்குள்ளாலேயே கீழே வழிந்துவிடும். நனையாத புண் ஆறத் தொடங்கும். நீளமான ஸ்ரென்ட் நடுவில் உள்ள நெரிவையும் விரித்துப் பிடித்து, உள்ளழுத்தத்தைக் குறைக்கிறது. முன்னர் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். சில சமயம் நெரிந்த இடத்தைத் தனியாகப் பலூன் வைத்தும் விரிப்பார்கள்.

ஆகவே ஸ்ரென்ட் ஓட்டையை ஒட்டுவதில்லை. உடல் தானே ஒட்டிக்கொள்வதற்கு அது நேரம் எடுத்துக் கொடுக்கிறது.

இதை வைப்பதற்கு வயிற்றை வெட்டுவதில்லை. மயக்கமருந்து கொடுத்து, வாய் வழியாகக் கமெராக் குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் பார்த்தபடி வைப்பார்கள். நிக்கல் நகை போட்டால் தோல் சிவந்து கடிப்பவர்கள் அதனை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு நோயாளியின் தாயார் என்னிடம் வந்து தணிந்த குரலில், "டொக்டர், எனக்கு மறைக்காமல் சொல்லுங்கோ, இது கான்சருக்கு வைக்கிற குழாய் எல்லோ?" என்று கேட்டார். ஊரில் அவருடைய உறவினர் ஒருவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து, விழுங்க முடியாமல் போனபோது வைத்தார்களாம். அவர் சொன்னதில் பிழையில்லை. இந்த வகை ஸ்ரென்ட் முதலில் அத்தகைய அடைப்புகளுக்காகத்தான் பெருமளவில் பயன்பட்டது. பிறகே கசிவுகளுக்கும் எடுத்துக்கொண்டார்கள். கருவி ஒன்றுதான், நோய் வேறு என்று விளக்கிய பிறகே அம்மாவின் முகம் தெளிந்தது. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் இதை அவர்களுக்கு ஒருமுறை சொல்லிவையுங்கள்.

உள்ளே இருக்கும் நாட்கள்

இந்தக் காலத்தைப் பற்றி நோயாளிகளுக்குப் போதுமான அளவு சொல்லப்படுவதில்லை என்பது என் அபிப்பிராயம். ஸ்ரென்ட் வைத்தவுடன் சுகமாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள், முதல் கிழமையிலேயே மனம் உடைந்துபோகிறார்கள். நெஞ்சுக்குள் எதுவோ இறுக்கிப் பிடிப்பது போன்ற வலி, ஓங்காளம், சத்தி, உமிழ்நீரை விழுங்கக் கஷ்டம் ஆகியவை ஆரம்ப நாட்களில் சாதாரணம். உணவுக்குழாயின் கீழ்க்கதவு ஸ்ரென்டால் எந்நேரமும் திறந்திருப்பதால், புளித்தேப்பமும் நெஞ்செரிவும் வரும். தலைமாட்டை உயர்த்திப் படுப்பதும், அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் உதவும். மருந்து கொடுத்தும் தாங்க முடியாமல் போனால், ஸ்ரென்டை நேரத்துக்கு முன்பே எடுத்துவிடவும் வேண்டி வரலாம்.

இரண்டாவது தொல்லை, ஸ்ரென்ட் இடம் நகர்வது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது நடக்கிறது. ஒடுக்கமான புற்றுநோய் அடைப்பில் ஸ்ரென்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இங்கே பிடிப்பதற்கு அடைப்பு இல்லை. மேல் விளிம்பைக் கிளிப்பினாலோ தையலினாலோ பொருத்திவைப்பதும், இடைக்கிடை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் இதற்காகவே. திடீரென்று வலியின் இடம் மாறினாலோ, சத்தி கூடினாலோ, திரும்பக் காய்ச்சல் அடித்தாலோ உடனே அறிவியுங்கள். மிக அரிதாக ஸ்ரென்ட் சுவரை அரித்துப் பெரிய குருதிக்குழாயைத் தொடலாம். சத்தியில் சிவப்பு இரத்தம் கண்டால் 999தான்.

முழுதாக உறையிட்ட ஸ்ரென்ட் இலகுவில் நகரும், ஆனால் இலகுவாகக் கழற்றலாம். இரு முனைகளிலும் உறை இல்லாத வகை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வலைக் கண்களுக்குள் சதை வளர்ந்துவிடுவதால் கழற்றுவது சிரமம். அப்போது உள்ளே இன்னொரு ஸ்ரென்டை வைத்து, வளர்ந்த சதையை ஒன்றிரண்டு கிழமை நெரித்து வாட விட்டு, இரண்டையும் சேர்த்து எடுக்கும் ஒரு உபாயம் உண்டு. முள்ளை முள்ளால் எடுப்பது என்று நாங்கள் சொல்வது இதற்கு நன்றாகப் பொருந்தும்.

பொதுவாக நான்கு முதல் எட்டுக் கிழமைகளில் ஸ்ரென்ட் எடுக்கப்படும். சிலருக்கு முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவது வைக்க நேரிடும். வெளிவந்த ஆய்வுகளின்படி பத்துப் பேரில் ஏழு முதல் ஒன்பது பேர் வரை, கசிவு மூடிச் சுகமாகிறார்கள். இதில் காலம் பெரும் பங்கு வகிக்கிறது. முதல் ஆறு கிழமைக்குள் கண்டுபிடித்த கசிவில் ஸ்ரென்ட் நன்றாக வேலை செய்யும். மூன்று மாதத்துக்கு மேல் ஊறிக்கொண்டிருந்த கசிவு தனக்கென்று ஒரு நிரந்தரப் பாதையை அமைத்துக்கொள்ளும். அதை ஸ்ரென்டால் மூடுவது கடினம். அந்த நிலையில் சிலருக்கு ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது போன்ற பெரிய சத்திரசிகிச்சை தேவைப்படுகிறது.

ஸ்ரென்ட் மட்டுமே வழி அல்ல. இரு முனையும் பன்றிவால்போல் சுருண்ட சிறு பிளாஸ்ரிக் குழாய்களை ஓட்டையினூடாக வைத்து, வெளியே தேங்கிய சீழை இரைப்பைக்குள்ளேயே வடியவிடும் முறையைப் பிரான்ஸ் வைத்தியர்கள் முன்னெடுத்தார்கள். நோயாளிக்கு இது ஸ்ரென்டைவிட இதமானது, ஆனால் மாதக்கணக்கில் எடுக்கலாம். பஞ்சு வைத்து உறிஞ்சியெடுக்கும் முறையும் உண்டு. அதில் சில நாட்களுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றக் கமெராவுக்குப் போக வேண்டும். "பக்கத்து வீட்டு அண்ணைக்கு ஸ்ரென்ட் வைத்தவை, எனக்கு ஏன் வைக்கேல்லை" என்று மனம் நோக வேண்டாம். ஓட்டையின் அளவு, இடம், வயது எல்லாம் பார்த்தே தீர்மானிக்கிறார்கள்.

சாப்பாட்டில் ஒன்று சொல்ல வேண்டும். வாயால் எதை எப்போது தொடங்குவது என்பதை உங்கள் வைத்தியசாலை உணவியலாளர் சொல்வார், அதுவே சட்டம். மகன் மெலிந்துபோனான் என்று இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வார்டுக்குப் போகும் அம்மாமார் தயவுசெய்து பொறுத்திருங்கள். அதைவிட முக்கியம் தயமின் எனப்படும் விற்றமின் பீ1. உடலில் இதன் இருப்பு சில கிழமைகளுக்கே போதும். தொடர்ந்து சத்தி எடுப்பவர்களில் இது தீர்ந்துபோனால் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, மனக்குழப்பம் வரும். தாமதித்தால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். இரண்டு மூன்று நாட்களாகச் சத்தி நிற்காவிட்டால் "எனக்குத் தயமின் தேவையா?" என்று நீங்களே கேளுங்கள். குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதற்கு முன்பு அதைக் கொடுப்பதே முறை.

வெளிநாட்டில் செய்துகொண்டு வந்தவர்களுக்கு

ஏச்சு விழுமோ, பெரிய தொகை கட்டச் சொல்வார்களோ என்ற பயத்தில் சிலர் வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்கிறார்கள். இந்நாட்டில் முறையாக வசிக்கும் ஒருவருக்கு, சத்திரசிகிச்சை எந்த நாட்டில் நடந்திருந்தாலும், அதனால் வரும் அவசர நிலைக்கு என்.எச்.எஸ் சிகிச்சை தரும். தாமதிக்கக் காரணமே இல்லை.

ஆனால் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எந்தத் திகதியில், எந்த வகைச் சத்திரசிகிச்சை, இடையில் ஏதும் சிக்கல் வந்ததா என்ற விபரங்கள் அடங்கிய அறிக்கையை, விமானம் ஏறுவதற்கு முன்பே ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஒரு படம் எடுத்து உங்கள் தொலைபேசியிலும், வீட்டில் விடயம் தெரிந்த அந்த ஒருவரின் தொலைபேசியிலும் வையுங்கள். திரும்பி வந்தவுடன் உங்கள் ஜீ.பி.யிடமும் ஒரு பிரதி கொடுங்கள். கசிவு அங்கேயே வந்து, அங்கேயே ஸ்ரென்ட் வைத்து அனுப்பியிருந்தால், அது எந்த வகை, முழு உறையா பாதி உறையா, எந்தத் திகதிக்குள் எடுக்கப்பட வேண்டும் என்பதும் அதில் எழுதியிருக்க வேண்டும். எடுப்பதற்கு ஒரு வைத்தியசாலையில் நாள் குறித்த பிறகுதான் அந்தக் கடதாசியை அலுமாரிக்குள் வைக்கலாம்.